நம் வீட்டில் எத்தனை தலைக்கவசங்கள்?



இந்த இதழைச் சற்றே மடியில் வைத்துவிட்டு வாசற்பக்கம் பாருங்கள். அங்கே ஒரு மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ நின்றுகொண்டிருக்கும். இன்று அது இல்லாத வீடு அரிது. அந்த வண்டியில் ஒரு நாளில் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுங்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். பிறகு கடைக்கோ அலுவலகத்துக்கோ போக வேண்டும். மாலையில் மத்ரஸா, இரவில் உறவினர் வீட்டு விருந்து. நான்கு பேர் என்று கணக்கு வருகிறதா? ஐந்து பேரா? சரி. இப்போது வீட்டுக்குள் திரும்பி, தலைக்கவசங்களை எண்ணிப் பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்று என்றே வரும். அந்த ஒன்றும் வண்டியை ஓட்டும் ஆண்மகனுடையது. அதுவும் கடைத்தெருவில் காவலர் நிற்கிறார் என்று கேள்விப்பட்டால் மட்டும் தலைக்கு ஏறுவது. மற்ற வேளைகளில் வண்டியின் கண்ணாடியில் தொங்குவது.

பிறரைக் குறை சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். என் வீட்டிலும் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் விடை ஒன்றாகத்தான் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து, 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் இருசக்கர வாகனத்தில் செல்வோர் யாவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரத்தில் சாலையோரமெங்கும் தார்ப்பாய் விரித்துத் தலைக்கவசங்களைக் குவித்து விற்றார்கள். நானும் ஒன்றை எடுத்தேன். பேரம் பேசினேன். தலையில் வைத்துப் பார்த்தேன், உள்ளே போயிற்று, போதும் என்று காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வாங்கியது தலைக்கான பாதுகாப்பை அன்று. அபராதத்துக்கான பாதுகாப்பையே என்பதை உணர எனக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

உணர்த்தியவர் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். இரவு உணவு வாங்கி வருவதற்காக வண்டியை எடுத்தவர், தலைக்கவசத்தை அணிந்துகொண்டே போயிருக்கிறார். நல்ல கவசம்தான், விலையும் அதிகம்தான். ஆனால் ‘இதோ இருக்கிற கடைதானே’ என்று தாடை வாரை மாட்டவில்லை. குறுக்கே ஒரு நாய் ஓடிற்று. வண்டி சாய்ந்த அந்தக் கணத்தில் கவசம் கழன்று முன்னால் உருண்டது. தலை வெறுமையாகத் தார்ச்சாலையில் மோதியது.

இறைவன் அருளால் அவர் பிழைத்துக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பின் அவரைப் பார்க்கச் சென்றேன். “ஹஜரத், எப்ப வந்தீங்க?” என்று முகம் மலரக் கேட்டார். சொன்னேன். அவருடைய தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் பருகியிருப்பேன். “ஹஜரத், எப்ப வந்தீங்க?” என்று அதே முகமலர்ச்சியோடு மறுபடியும் கேட்டார். அந்தத் தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய விசா முடிந்துவிட்டது. மீண்டும் வேலைக்குச் செல்ல இயலுமா என்பது இன்றுவரை தெரியவில்லை.

அன்றிரவு வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்கே ஒரு நல்ல தலைக்கவசம் வாங்கப் போவதாகவும் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் இளைய மகள் கேட்டாள்: “அத்தா, நீங்க விழுந்தா பின்னாடி உட்கார்ந்திருக்கிற நாங்க விழ மாட்டோமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆகவேதான் இந்த மாதம் இதைப் பற்றி உங்களோடு பேசுகிறேன்.

பக்கத்துத் தெருதானே!

தலைக்கவசம் அணியாமைக்கு நாம் சொல்லும் முதற்காரணம், ‘பக்கத்தில்தானே போகிறேன்’ என்பது. பள்ளிவாசல் பக்கத்தில், கறிக்கடை பக்கத்தில், மாமியார் வீடு பக்கத்தில்! தொலைவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று மனம் கணக்குப் போடுகிறது. சாலை அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். வண்டியில் அமர்ந்திருக்கும் ஒருவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து எந்தப் பொருள் விழுந்தாலும், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆகிவிடும். வண்டி ஓட வேண்டும் என்பதுகூட இல்லை. நின்ற இடத்தில் சாய்ந்தாலே இந்த வேகம் வந்துவிடும். நான்கைந்து கிலோ எடையுள்ள மனிதத் தலை அந்த வேகத்தில் கருங்கல் சல்லியில் மோதினால் என்னவாகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. வண்டியின் வேகம் இதற்கு மேல் சேர்வது.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. முதல் உலகப் போரின்போது உதுமானியப் பேரரசுக்கு எதிராக அரபுக் குலங்களைத் திரட்டிய ஆங்கிலேய அதிகாரி டி.இ. லாரன்ஸ் என்பவரை நம்மில் பலர் அறிவோம். ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று மேலைநாட்டார் அழைத்த அதே மனிதர்தான். பாலைவனப் போரில் உயிர்தப்பிய அவர், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தம் குடிலுக்கு அருகிலேயே மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசமில்லை. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து, மே 19 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. அவரும் பக்கத்தில்தான் போய்வந்தார்!

அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர். இந்த மரணம் அவரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் சென்று தலையில் அடிபட்டோரைப் பற்றி ஆராய்ந்து, தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941-இல் மருத்துவ இதழில் எழுதினார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பொதுமக்களுக்கு அங்கே அது சட்டமாக 1973 வரை ஆயிற்று. நல்ல செய்தி தலைக்குள் ஏற எவ்வளவு காலம் பிடிக்கிறது, பார்த்தீர்களா!

கவசத்துக்குள் என்ன இருக்கிறது?

தலைக்கவசம் என்றால் கெட்டியான ஒரு சட்டி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கெட்டியாக இருப்பது அதன் வெளி ஓடு மட்டுமே. அந்த ஓடு, கூரிய கல்லும் கம்பியும் உள்ளே துளைத்துவிடாமல் காக்கிறது. மோதலின் விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. உண்மையில் உயிரைக் காப்பது அதற்கு உள்ளே இருக்கும் தடித்த தெர்மாகோல் அடுக்கு. தொலைக்காட்சிப் பெட்டியை அடைத்து அனுப்புகிறார்களே, அதே இனம். ஆனால் அளவறிந்து செறிவாகச் செய்யப்பட்டது.

தலை தரையில் மோதும்போது அந்த அடுக்கு நசுங்குகிறது. அது நசுங்கும் நேரத்தில் தலையின் வேகம் சிறிது சிறிதாகக் குறைகிறது. வெறுந்தலை ஓரிரு மில்லிமீட்டருக்குள் திடீரென நிற்க நேரும்; கவசமணிந்த தலையோ சில சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. மூளைக்கு உயிரும் மரணமும் இந்தச் சிறு இடைவெளிதான்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். முதலாவது, உள்ளே தெர்மாகோல் அடுக்கு இல்லாத, வெறும் பஞ்சு ஒட்டிய கவசம் கவசமே அன்று. சாலையோரத்தில் நான் வாங்கியது அப்படிப்பட்டதே. பத்தாண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டுக்கும் என் தலைக்கும் இடையே ஒரு விரற்கடைப் பஞ்சு மட்டுமே இருந்தது. இரண்டாவது, ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் உப்பாது. விபத்தில் அடிபட்ட கவசம் வெளியே பளபளவென்று இருந்தாலும் அதன் பணி முடிந்துவிட்டது. அதை மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, தலையோடு ஒட்டி நிற்காத கவசமும், வார் மாட்டாத கவசமும் மோதும் வேளையில் தலையில் இருப்பதில்லை.

கடையில் நிற்கும்போது

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். தஞ்சைக்குச் சென்று ஒரு கடையில் ஒரு மணி நேரம் நின்று நான் கற்றுக்கொண்டவை இவை.

முதலில் முத்திரையைப் பாருங்கள். 2021 ஜூன் 1 முதல் நம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஆயினும் போலி முத்திரைகள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அரசின் தர நிறுவனம் வெளியிட்டுள்ள ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் அந்த எண்ணை இட்டால், எந்த நிறுவனத்துக்கு உரிமம் வழங்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். உங்களுக்குக் கைப்பேசி பழக்கமில்லையென்றால் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவன் அரை நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான்.

அடுத்து அளவு. துணிக்கடைத் தையல் நாடா ஒன்றை எடுத்து, புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 58 சென்டிமீட்டர் என்று வந்தால் 580 என்று குறிக்கப்பட்ட கவசத்தைக் கேளுங்கள். ‘தலை பெரிதாகலாம், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்’ என்று பிள்ளைகளின் பெருநாள் சட்டைக்குச் சொல்வதைப் போல இதற்குச் சொல்லாதீர்கள்! புதுக் கவசம் கன்னங்களைச் சற்றே அழுத்திப் பிடிக்க வேண்டும். சில வாரங்களில் பஞ்சு படிந்து இளகிவிடும். வாங்கும்போதே தளர்வாக இருப்பது நாளடைவில் ஆடத் தொடங்கும்.

அணிந்த பிறகு மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். தலையை இடம் வலமாக ஆட்டுங்கள். கவசம் தனியாகச் சுழலக் கூடாது. வாரை மாட்டிக்கொண்டு, கவசத்தின் பின்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். அது கழன்று வரக் கூடாது. தாடைக்கும் வாருக்கும் இடையே இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பிறகு அதைக் கழற்றாமல் பத்து நிமிடம் கடையிலேயே நில்லுங்கள். கழற்றியதும் நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால், அந்தக் கவசத்தின் வடிவம் உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை, வேறொன்றை எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவர் தலைக்கா வாங்குகிறோம்?

முகம் முழுவதையும் மூடும் வகையே நன்று. விழும்போது தாடையும் முகமும் அடிபடுவது மிகுதி. காதுக்கு மேலேயே முடிந்துவிடும் சட்டி வகைக் கவசம் பொட்டையும் பிடரியையும் காக்காது. தாடையைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வகையை வாங்கினால், ஓட்டும்போது அதை இறக்கிப் பூட்டியே ஓட்டுங்கள். முகக்கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி பகலில் சுகம். மஃரிபுக்குப் பின் அதுவே திரை. வெளி நிறம் வெள்ளை போன்ற வெளிர் நிறமாக இருந்தால், எதிரே வருபவர் கண்ணில் இரவிலும் படும்.

விலை? ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள எளிய கவசம் ஆயிரம் ரூபாய் அளவிலேயே கிடைக்கிறது. விலை கூடக் கூட எடை குறைவும் காற்றோட்டமும் அழகும் கூடும், அவை வசதி. தேவையானது, முத்திரையும் பொருத்தமும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் தலைக்கவசம் அணியாமைக்கு விதிக்கப்பட்டுள்ள அபராதமும் ஆயிரம் ரூபாய்தான். அத்துடன் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடலாம். ஒருமுறை பிடிபட்டால் போகும் காசில் ஒரு தலைக்கவசம் வந்துவிடுகிறது! மகன் கேட்டான் என்று ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வண்டி வாங்கித் தருகிறோம். அதே கடையில் ஆயிரம் ரூபாய்க் கவசத்துக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறோம். சற்றே சிந்தியுங்கள்.

சகோதரியரும் சிறுவரும்

பின் இருக்கையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் தலைக்கவசம் அணியாமல் சென்று உயிரிழந்தோர் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அவர்கள் வண்டியின் கைப்பிடியைத் தொட்டதில்லை. ஓட்டியவரை நம்பி அமர்ந்திருந்தார்கள்; அவ்வளவே.

‘மக்கானாவுக்கு மேல் எப்படி அணிவது?’ என்று சகோதரியர் கேட்பதுண்டு. என் வீட்டாரும் முதலில் அதையே கேட்டார். பழகிய பின் அவர் கண்டறிந்து சொன்னதை எழுதுகிறேன். கவசத்துக்குள் போகும் துணி மெல்லிய பருத்தியாக, மடிப்பில்லாமல் தலையோடு படிந்திருக்க வேண்டும். குண்டூசிகளை அகற்றிவிட வேண்டும். மோதும்போது ஊசி எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். உச்சியில் கொண்டை போட்டால் கவசம் மேலே தூக்கிக்கொள்ளும். கூந்தலைப் பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னிவிட வேண்டும். வார், துணி மடிப்புகளின்மேல் வழுக்காமல் தாடையடியில் இறுகப் பிடிக்க வேண்டும். புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவின் முனையையும் சக்கரத்தில் சிக்காதபடி மடித்து அடக்கிக்கொள்ள வேண்டும். அளவெடுக்கும்போது, வழக்கமாக உடுத்தும் அந்த மெல்லிய துணியோடேயே அளவெடுப்பது முறை. ஆகவே, அவர்களுக்கென்று நீங்கள் தனியே போய் வாங்கி வராதீர்கள். அவர்களைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நாலு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது இன்றைய சட்டம். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்கான விதிகள் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன: ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கவசம் வேண்டும், குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பெரியவர் கவசத்தைச் சிறுவன் தலையில் கவிழ்ப்பது பயனற்றது. சிறுவருக்கான அளவுகள் தனியே கிடைக்கின்றன. வண்டியில் ஓட்டுபவரோடு இன்னும் ஒருவருக்கே சட்டம் இடமளிக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். நால்வராக ஏறிச் செல்லும் பயணத்தை எந்தக் கவசமும் சரி செய்யாது.

தொப்பி அணிவோருக்கு ஒரு சொல். கெட்டியான உயரத் தொப்பியின் மேல் கவசம் பொருந்தாது. அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய நூல் தொப்பி உள்ளே இருப்பதால் கெடுதியில்லை. வியர்வையை உறிஞ்சும், நன்மையே. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. தொப்பிக்கோ நம் தலைப்பாகைக்கோ விலக்கு இல்லை. தாடியுள்ளோர் வாரை மாட்டும்போது தாடியைக் கையால் முன்னே ஒதுக்கிக்கொண்டால் கொக்கியில் சிக்காது. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதைக் கழற்றிவிட்டுக் கவசத்தை மாட்டி, பிறகு கண்ணாடியைச் செருகிக்கொள்ள வேண்டும்.

பழகும் வரை

புதுக் கவசத்தோடு முதல் இரண்டு வாரம் வாழ்வது எளிதன்று, மறைப்பானேன்? வெப்பம், வியர்வை, கழுத்தில் ஒரு பாரம், உலகமே தள்ளிப் போய்விட்டதைப் போன்ற ஓர் உணர்வு. சித்திரை வெயிலில் இரண்டு முறை நானும் அதைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். மூன்றாம் வாரத்தில் அது இல்லாமல் வண்டியில் ஏறினால் தலை வெறுமையாகத் தோன்றியது. பழக்கம் அப்படிப்பட்டது.

‘காது கேட்பதில்லை’ என்பார்கள். மற்ற வண்டிகளின் ஒலிப்பான் கேட்கத்தான் செய்கிறது. கேட்காமற்போவது காற்றின் இரைச்சலே. ‘முடி கொட்டும்’ என்பார்கள். ஈரத்தலையோடு அணிவதும் அழுக்கேறிய பஞ்சுமே தலையில் அரிப்பையும் பொடுகையும் வளர்ப்பவை. உள்ளே மெல்லிய பருத்தித் துணி அணிந்து, இரு வாரத்துக்கு ஒருமுறை பஞ்சைக் கழற்றி ஷாம்பு கலந்த நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் அந்தத் தொல்லை தீரும். ஓட்டைத் துடைக்கச் சோப்பு நீரே போதும். பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடாது. அவை தெர்மாகோலைக் கரைக்கும், ஓட்டை வலுவிழக்கச் செய்யும். முகக்கண்ணாடியை ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். கீறல் விழுந்த கண்ணாடியில் இரவு விளக்குகள் சிதறித் தெரியும். கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மார்கழிப் பனியில் சுபுஹுக்குச் செல்லும்போது மூச்சுப் பட்டு ஆவி படரும். கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் தெளிந்துவிடும்.

வண்டியின் கண்ணாடியில் கவசத்தை மாட்டித் தொங்கவிடாதீர்கள். அந்தக் கம்பி உள்ளிருக்கும் அடுக்கைக் குழியச் செய்யும். சாவி, பூட்டு, காய்கறி எதையும் அதற்குள் போட்டுவைக்காதீர்கள். அடிபடாமலே இருந்தாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுமாறு தயாரிப்பாளர்கள் பலர் அறிவுறுத்துகிறார்கள். வியர்வையும் எண்ணெயும் வெயிலும் அதை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. பழையதை வேலைக்கார நண்பருக்கோ ஏழை உறவினருக்கோ ‘தர்மம்’ செய்துவிடாதீர்கள். நம் தலைக்கு ஆகாதது அவர் தலைக்கு மட்டும் எப்படி ஆகும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலையில் ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால், இரக்கத்தால் ஓடிச்சென்று அவர் கவசத்தைப் பிடுங்கி எடுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுப்பே அவரை முடமாக்கிவிடும். முகக்கண்ணாடியை மட்டும் திறந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். மூச்சுத் திணறுகிறது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தலையையும் தாங்கிக்கொள்ள, மற்றொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்

‘வருவது வந்தே தீரும், விதிப்படி நடக்கட்டும்’ என்று சில பெரியவர்கள் என்னிடம் சொல்வதுண்டு. விதியை நானும் நம்புகிறேன். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவது நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழி அன்று என்பதை அந்தப் பெரியவர்களும் அறிவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத்தானே தொழுகைக்கு வருகிறார்கள்!

பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான மருத்துவ மதிப்பாய்வு ஒன்று, தலைக்கவசம் மோட்டார் சைக்கிள் விபத்தில் சாவின் வாய்ப்பை 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கணக்கிட்டது. நூறு விழுக்காடு அன்று. அது எவர் கையிலும் இல்லை. நம் கையில் உள்ளதை நாம் செய்தோமா என்பதே கேள்வி.

தஞ்சையில் நான் அன்று ஒரு கவசம் வாங்கினேன். ஒரே நாளில் மூன்று வாங்க என் சம்பளம் இடம் தரவில்லை. அடுத்த மாதம் வீட்டாருக்கு ஒன்று. அதற்கடுத்த மாதம் மகளுக்கு ஒன்று. மூன்றும் வாங்கி முடியும் வரை, கவசம் இல்லாதவரை வண்டியில் ஏற்றுவதில்லை என்று ஒரு முடிவு செய்தோம். அந்த இரண்டு மாதமும் பேருந்திலும் நடையிலுமாகக் கழிந்தன. சிரமம்தான். ஆனால் மகளின் கேள்விக்கு விடை கிடைத்தது.

எங்கள் பள்ளிவாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே இப்போது ஒரு நீண்ட மரப்பலகை அடித்திருக்கிறார்கள். ‘உள்ளே எங்கே வைப்பது?’ என்று இனி எவரும் காரணம் சொல்ல முடியாது. ஜுமுஆ நாளில் அதில் இருக்கும் கவசங்களை எண்ணிப் பார்க்கிறேன்; வாரத்துக்கு வாரம் ஒன்றிரண்டு கூடுகின்றன. சென்ற வெள்ளியன்று அந்த இளைஞர் தம் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு தொழ வந்திருந்தார். தம்பி, பலகையில் இரண்டு கவசங்களை அடுத்தடுத்து வைத்தான். அவர் என்னைக் கண்டு முகம் மலர்ந்து, “ஹஜரத், எப்ப வந்தீங்க?” என்றார்.

உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எத்தனை கவசங்கள்? இரண்டு எண்களும் ஒன்றாகும் வரை, மாதம் ஒன்றாக வாங்குங்கள். வாங்கியதை அணியுங்கள். அணிந்ததும் வாரை மாட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வேறொன்று பேசுவோம்.